நாற்பது குப்பிகள்

அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவளை 'ஐஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக, எப்போது பார்த்தாலும் ஐஸ் நிரப்பிய வாளியும் கையுமாக நடப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ஒரு நொதியைச் சுத்தம் செய்து, சோதித்து, சின்னக் குப்பிகளில் நிரப்புவது அவள் வேலை. மனித உடம்பில் புரதத்தை வெட்டுகிற நொதி அது. அதற்கான மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்து, ஈஸ்ட்டையே உற்பத்தி செய்ய வைத்திருந்தார்கள். மருந்துக்கு அல்ல, ஆராய்ச்சிக் கூடங்களுக்கு மட்டும். குளிரில் இருக்கும்வரை சமர்த்தாகக் கிடக்கும். வெளியே விட்டால் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வீணாகிவிடும். நிறம் மாறாது, வாடை வராது. பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, சோதனைக்கென்று ஒதுக்கும் குப்பிகளை முதலில் நிரப்பி உறைபெட்டியில் வைத்தாள். விற்பனைக்கான நாற்பதையும் ஐஸ் தட்டில் அடுக்கி முடிக்கும்போது அவளுடைய அக்காவிடமிருந்து போன்.

"அப்பாவைக் காணோம்டி. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள கதவைத் திறந்துட்டுப் போயிட்டாரு."

அப்பாவுக்கு ஞாபகம் தப்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் மாடிப்படிக்கு ஓடினாள். பக்கத்து வீடு, மருந்துக் கடை, போலீஸ் ஸ்டேஷன் என்று ஒவ்வொரு எண்ணாக அழைத்தாள். கடைசியில் நாலு தெரு தள்ளி ஒரு சலூன் நாற்காலியில் கிடைத்தார்.

"கல்யாணத்துக்கு நேரமாச்சு, சீக்கிரம் முடிப்பான்னு அவசரப்படுத்தினாராம். யாருக்குக் கல்யாணம்னு கேட்டா, எனக்குத்தான்னாராம்." அக்கா அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். இவளும் சிரித்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது ஒரு மணி நாற்பது நிமிஷம் ஓடியிருந்தது. தட்டில் வெறும் தண்ணீர். குப்பிகளைத் தொட்டாள். சில்லென்று இல்லை.

நியாயமாக நாற்பதையும் அவள் கீழே கொட்டியிருக்க வேண்டும். ஆறு வாரத்து உழைப்பு. "வீட்டுப் பிரச்சினைய வீட்டோட விட்டுட்டு வாம்மா" என்று மேனேஜர் போன மாதம்தான் கடிந்திருந்தார். குப்பிகளைத் துடைத்து உறைபெட்டியில் வைத்தாள். மாலையில், காலையே பத்திரமாக வைத்த குப்பியில் ஒன்றைச் சோதித்தாள். வெட்டும் வேகம் பிரமாதமாக வந்தது. நாற்பதுக்குமான தரச் சான்றிதழில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சோதித்ததைத்தானே எழுதினேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து வேறோர் ஊரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதினாள்: உங்கள் நொதி வெட்டவில்லை. மேனேஜர் சோதிக்கச் சொன்னார். ஒதுக்கிய குப்பிதான் சோதனைக்குப் போனது, குறையே இல்லை. தவறு உங்கள் கையாளுதலில் என்று பதில் போனது. இரண்டாவது கடிதத்துக்கும் அதே பதில். மேலும் மூன்று மாதம் கழித்து வந்த மூன்றாவது கடிதத்தை அவளே படித்தாள். 'என் கைதான் சரியில்லை என்கிறார் என் பேராசிரியர். நான்கு மாதமாக அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.'

அன்று இரவே எல்லாவற்றையும் கணவனிடம் சொன்னாள்.

"வித்தாச்சு, முடிஞ்சுபோச்சு. நீயா எதுக்குப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கிற?" என்றான் அவன். அவனைக் குறை சொல்ல முடியாது. அப்பாவின் மருந்துச் செலவும் அவர்கள் தலையில்தான்.

மறுநாள் விற்காமல் மிச்சமிருந்த ஏழு குப்பிகளில் ஒன்றை உருக்கிச் சோதித்தாள். திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது; நொதி துளியும் வெட்டவில்லை. அதை அச்செடுத்து மேனேஜர் மேஜையில் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தடவை எழுதியிருக்கேனேம்மா, உன் தப்புன்னு."

"நான் பேசுறேன் சார்."

"வேண்டாம். கம்பெனி பாத்துக்கும்."

கம்பெனி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வேறு குப்பிகள் அனுப்பியது. காரணம் 'வெப்பநிலைக் கோளாறு' என்று ஒற்றை வரி. அவளை லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே மூன்று நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, புகார்த் தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாணவி, "அந்த ஆராய்ச்சிய என்கிட்டயிருந்து எடுத்து வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க" என்றாள். பிறகு, "இப்ப சொன்னதை எழுத்துல தருவீங்களா?"

தந்தாள். தேதி, நேரம், தன் பெயர் எல்லாம் போட்டு. கடிதம் பேராசிரியர் வழியாகக் கம்பெனிக்கே திரும்பி வந்தது. அந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் அரை நாள் வேலை. சம்பளம் பாதி. பிற்பகலில் அப்பா அவள் பொறுப்பு. சேர்ந்து இரண்டாவது வாரம் மாணவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆராய்ச்சியைத் தன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். புதுக் குப்பி ஒழுங்காக வெட்டுகிறதாம். நன்றி என்றோ மன்னித்தேன் என்றோ அதில் இல்லை. பதில் எழுத நாலைந்து முறை முயன்று, ஒவ்வொரு முறையும் அழித்தாள். கணவன் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.