இருநூறு கிலோ என்று யார் சொன்னது?

பீவியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் தோளிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாராவியில் தோல் பைக் கடைகள் வரிசையாக இருக்கும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் அவள் சந்து. ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் எதிரே வருகிற ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். கீழே பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் குடித்தனம். ரோட்டில் டெம்போக்காரன் இறக்கிப் போட்டுவிட்டுப் போகிற தோல் கட்டுகளைக் கல்யாணமாகி வந்த நாள் முதல் சுமந்து வந்தவள் அவள்தான். அதை ஒரு சுமை என்று வீட்டில் யாராவது பேசியிருக்கிறார்களா என்றால், மூச்! தோல் தானாக நடந்து வந்து பட்டறையில் படுத்துக்கொண்டதாகத்தான் எல்லாருக்கும் நினைப்பு.

புருஷன் சிராஜ் நல்ல மனிதர். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். பை தைப்பார், பர்ஸ் தைப்பார், தைத்ததை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் கடை கடையாகப் போய்க் கொடுப்பார். போன மழைக்காலத்தில் வண்டி சறுக்கி அவர் மேலேயே சாய்ந்தது. இடது மணிக்கட்டில் கம்பி வைத்தார்கள். தையல் மெஷினில் தோலைத் தள்ளுகிற அளவுக்குக் கை வந்துவிட்டது. கிளட்ச் பிடிக்கிற அளவுக்கு இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வண்டி பட்டறை மூலையில் தூசி தின்றுகொண்டு நின்றது. சரக்கு மூட்டையாகக் கிடந்தது. கடைக்காரர்கள் போன் போட்டுப் பார்த்து அலுத்து, வேறு பட்டறைப் பைகளை மாட்டத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் பட்டறைக்குப் பூட்டுதான். அது பீவிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ராத்திரிச் சாப்பாட்டின்போது நேரடியாகவே கேட்டாள், "சாவியத் தாங்க, நான் ஓட்டுதேன்."

சிராஜுக்குப் புரையேறிவிட்டது.

அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மகள் சஃப்ரீன் தோழியின் பைக்கை வாங்கிக்கொண்டு மான்குர்த் பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிறு ஞாயிறாக அம்மாவுக்குப் பழக்கி, லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தாள். சிராஜும் அந்த லைசென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்து, போட்டோ நல்லா வந்திருக்கு என்று சொன்னவர்தான்.

"ஏ புள்ள, அது கொசு மாதிரி வண்டி. இது எறநூறு கிலோ. ஒன் மேல சாஞ்சா தூக்கி விட நாலு ஆளு வேணும். நம்பிராஜன் வெள்ளிக்கெழம வாரேன்னுருக்காரு. வித்துத் தொலைச்சிருவோம்."

"எறநூறுன்னு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊரு எட போட்டுப் பாத்துச்சா?"

சிராஜ் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். "போட்டுப் பாரு! எறநூறுல ஒரு கிலோ கொறஞ்சாலும் சாவி ஒன் கையில. ஆனா வெளிய கொண்டுபோயி எவன்கிட்டயாவது சீட்டு வாங்கிட்டு வரப்படாது. இங்க, என் கண்ணு முன்னால போடணும். நீயேதான் வண்டியப் பிடிக்கணும்."

"சரி" என்றாள் பீவி. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். சஃப்ரீனுக்குத்தான் கை கால் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பழைய சாமான் கடை கரீம் பாட்சா தன் எடை மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நூறு கிலோதான் அதற்குத் தாங்கும். அதனால் என்ன? முன் சக்கரத்தை ஒரு தரம், பின் சக்கரத்தை ஒரு தரம் ஏற்றி, இரண்டையும் கூட்டினால் வண்டியின் எடை வந்துவிடுகிறது. ஒரு சக்கரம் உயர்ந்து மற்றது தாழ்ந்து நின்றால் கணக்கு கோணும் என்று, தோல் வெட்டுகிற பலகைகளை மெஷின் உயரத்துக்கு அடுக்கி மற்ற சக்கரத்துக்குக் கொடுத்தாள் பீவி. செய்தி அதற்குள் சந்து முழுக்கப் பரவி, வாசலில் தலையாகத் தெரிந்தது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள். வண்டியை உருட்டி முன் சக்கரத்தை ஏற்றினாள்.

கரீம் பாட்சா குனிந்து பார்த்தார். "அறுபத்தி ஆறு!"

பின் சக்கரம் ஏறியது. "எம்பத்தி அஞ்சு!"

"நூத்தி அம்பத்தொண்ணு!" என்று சஃப்ரீன் கத்தியதில் மேல் வீட்டு ஜன்னல் திறந்தது.

"நில்லு, நில்லு!" சிராஜ் பாய்ந்து வந்து மெஷினைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. "எம்பத்தி ஆறுல்லா காட்டுது! என்னவே பாட்சா, எந்தக் கணக்குல அஞ்சுங்கீரு?"

கரீம் பாட்சா விழித்தார். அவர் கடையில் எது எடைக்கு வந்தாலும் சாக்குக்கென்று ஒரு கிலோ கழித்துத்தான் சொல்வார்கள். வாய் தன் பழக்கத்துக்குக் கழித்துவிட்டது, இரண்டு தரமும்.

"அரே சாச்சா, வண்டிக்கு ஏது சாக்கு?" என்று சஃப்ரீன் தலையில் அடித்துக்கொண்டாள். சந்தே சிரித்தது.

சிராஜ் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. "அப்போ இது செல்லாது. அதுவும் போக, இவ ஹேண்டிலப் பிடிச்சு மேல தூக்குதா. தூக்கினா எட கொறையத்தான செய்யும்? கள்ளாட்டம்!"

"நான் தூக்குதேனா?"

"பின்ன? ரெண்டு கையும் நரம்பு பொடைக்கப் பிடிச்சிருக்கியே."

பீவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த கோபத்தில் திட்டியிருப்பாள், வாசலில் ஆட்கள் நிற்கிறார்களே என்று விழுங்கிக்கொண்டாள். சொல்லப்போனால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. பயத்தில் அவள் இறுக்கித்தான் பிடித்திருந்தாள்.

"சரி, கைய எடுத்துருதேன். மறுபடி போடுங்க."

வண்டியை இறக்கித் திருப்பி முன் சக்கரத்தை ஏற்றினாள். ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துப் பார்த்தாள், கனத்தது. மறு பக்கம் சாய்த்தாள், அங்கேயும் கனத்தது. நடுவில் ஓர் இடம் இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் கனம் கையை விட்டுப் போய்விட்டது. தோல் கட்டைத் தோளில் சரியாக உட்காரவைக்கும்போதும் இப்படித்தான் போகும். ஒரு கையை எடுத்தாள். மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசியில் இரண்டே விரல், அதுவும் சும்மா தொட்டுக்கொண்டு.

வண்டி நின்றது.

"சாக்கு இல்லாம சொல்லுங்க பாய்" என்றாள்.

"அறுபத்தி ஏழு" என்றார் கரீம் பாட்சா, குரலே எழும்பாமல். பின் சக்கரத்தையும் ஏற்றினாள். அதே இரண்டு விரல். "எம்பத்தி ஆறு."

நூற்று ஐம்பத்து மூன்று. இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. எல்லாரும் மெஷினை விட்டுவிட்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிராஜும்தான்.

"கிலோவ விடுங்க" என்றாள் பீவி, வண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு. "எறநூறே இருந்தாலும் இருந்துட்டுப் போகுது. இப்ப இது என் மேல சாயுதா? சொல்லுங்க."

"எனக்குப் பயம் புள்ள" என்றார் சிராஜ், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "என் மேல விழுந்தப்போ எலும்பு முறிஞ்ச சத்தம் இன்னும் காதுல கேக்கு. ஒனக்கும் அப்படி ஆயிருமோன்னுதான்."

இத்தனை நாளும் இதைச் சொல்லாமல் கிலோ கணக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார் பாருங்கள்! பீவியின் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கண் கலங்கியது. "இத மொதல்லயே சொல்லப்படாதா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து நம்பிராஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பழைய வண்டி வாங்கி விற்கிறவர். டயரை மிதித்துப் பார்த்தார், சீட்டைத் தட்டிப் பார்த்தார். "என்ன சிராஜண்ணே, எடுத்துக்கிரட்டுமா?"

சிராஜ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பீவியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தன் கம்பி வைத்த கையாலேயே மூடிவிட்டார்.

"ஓனர்கிட்ட கேளும்."

நம்பிராஜன் திரும்பி ஓனரைப் பார்த்தார். ஓனர் அதற்குள் வண்டியை மெஷினிலிருந்து இறக்கி ஏறி உட்கார்ந்தாயிற்று. சஃப்ரீன் மூட்டையைக் கேரியரில் வைத்துக் கட்டினாள். நாளாக நின்ற வண்டி முதல் உதைக்கு இருமியது, மூன்றாவது உதைக்கு முழங்கியது.

"விக்கிறதுக்கில்லண்ணே" என்றாள் பீவி. "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, மாட்டுங்காவுல கடை அடைக்கதுக்குள்ள போணும்."

நம்பிராஜன் சுவரோடு ஒட்டி நின்றார்.