அத்தான் கத்திக்கு வரைந்த கடல்

என் அச்சகத்துக்குப் படம் கொண்டு வருகிறவர்களிடம் என் ஆட்கள் இன்றைக்கும் முதலில் கேட்கும் கேள்வி, "தையலுக்கு விட்டீங்களா?" என்பதுதான். புதிதாக வருகிறவர், தவறித் தையற்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று விழிப்பார். இந்தக் கேள்விக்குக் காரணம் என் அத்தான். அக்கா புருஷன்.

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் இந்த ஊரில் நாலு கலர் மிஷினை முதன்முதலில் இறக்கியவன் நான்தான். அதில் ஓடிய முதல் காலண்டருக்குப் படம் வரைந்தவர் அத்தான்.

அவர் போர்டு பெயிண்டர். கடைவீதியில் அவர் கை படாத போர்டு கிடையாது. கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்று தன் பெயரை வலது கீழ் மூலையில், ஓரத்தை ஒட்டி, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுவார். அடுத்த நாள் தச்சர் வந்து சுற்றிலும் மரச்சட்டம் அடிப்பார். பெயர் சட்டத்துக்கு அடியில் போய்விடும்.

அக்கா தையல்காரி. அவள் வாயும் ஊசிதான். "ஊரெல்லாம் பேர் போட்டிருக்கேன்னு பெருமை பேசறாரு. பாக்கணும்னா ஆணியைப் புடுங்கணும்" என்பாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்தப் பெயரை ஒரு தடவையாவது நாலு பேர் படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டு. பாத்திரக்கடைக் காலண்டர் வேலை வந்ததும் நேராக அவளிடம் போனேன்.

"இதுக்குச் சட்டமே கிடையாதுக்கா. வீட்டுக்கு வீடு அத்தான் பேரு தொங்கும். நான் கேரண்டி."

அத்தான் துறைமுகத்தை வரைந்தார். அந்தி வெளிச்சம், படகுகள், மீதியெல்லாம் கடல். காலண்டர் என்ன அளவோ அதே அளவில் அட்டை வெட்டி, விளிம்புவரை வரைந்து கொண்டுவந்தார். பெயர் வழக்கம்போல மூலையில், ஓரத்தை ஒட்டி.

பார்த்ததும் அளவுகோலை எடுத்து ஓரத்தில் வைத்தேன். அச்சடிக்கிற தாள் காலண்டரைவிடப் பெரியது. அடித்து முடித்துக் கட்டுக்கட்டாக வைத்துத்தான் வெட்டுவோம். கத்தி ஒரு மயிரிழை விலகத்தான் செய்யும். அதனால் படம் வெட்டுக்கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டராவது ஓட வேண்டும். இதற்கு ப்ளீட் என்று பேர். அது இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு பல்லை இளிக்கும். எழுத்து மட்டும் கோட்டுக்கு நன்றாக உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அத்தான் படத்திலோ கடல் கோட்டோடு நிற்கிறது, பெயர் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

"அச்சுக்குப் படம் எடுக்கும்போது கேமராவுல கொஞ்சம் பெருசாக்கினா ஓரம் சரியாயிடும் அத்தான். ஆனா உங்க பேரு கத்திக்குப் போயிடும்."

"மறுபடியுமா?" என்றார். முகம் சுருங்கிவிட்டது.

"பேரைப் படகுமேல எழுதிடுங்களேன்."

"மீன் கேட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க மச்சான்."

"அப்ப சுத்திலும் ரெண்டு விரக்கடை கடலைக் கூட்டுங்க. மொத்தத்தையும் சின்னதாக்கிட்டா பேரு தானா உள்ள வந்துடும். வெளி ஓரம் மட்டும் கத்திக்கு."

"வெட்டிக் குப்பையில போடறதுக்குக் கடல் வரைய எனக்கென்ன பைத்தியமா?" அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

வேறு படம் தேடிப் பிடிப்பது எனக்கு ஒரு பெரிய காரியமில்லை. ஆனால் அக்காவிடம் வாக்குக் கொடுத்தவன் நான். பின்னாலேயே போனேன். நடந்ததைக் கேட்ட அக்கா, தைத்துக்கொண்டிருந்த சட்டையை உள்பக்கம் திருப்பி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னங்க?"

"தையலுக்கு விட்ட துணி."

"வெளிய தெரியுமா?"

"தெரியாது."

"விடாம தைச்சா?"

"அக்குள்ல கிழியும்."

"நம்ம கல்யாணத்துக்கு நீங்க போட்ட சட்டை மாதிரி! போங்க, கடலுக்கும் தையலுக்கு விடுங்க. உள்ள போற துணிதானேன்னு நான் ஏனோதானோன்னா வெட்டறேன்?"

அத்தான் படத்தைப் பெரிய அட்டையில் ஒட்டி, பழைய அலை நின்ற இடத்திலிருந்து புது அலையை இழுத்தார். ஒட்டு எங்கே என்று நான் லென்ஸ் வைத்துத் தேடினேன். என் கண்ணுக்கே அகப்படவில்லை என்றால் பாருங்கள்! கத்திக்குப் போகிற ஓரத்தில் ஒரு பறவையும் பறந்தது. "இது எதுக்கு அத்தான்?" என்றேன். "கத்திக்கும் ஏதாவது வேணாமா?" என்றார்.

வெட்டுகிற அன்று அத்தான் மிஷின் பக்கத்தை விட்டு நகரவில்லை. கத்தி இறங்கியது. நீலக் கீற்றுகள் சுருண்டு விழுந்தன. மை வாசனை போகாத ஒரு கீற்றை அத்தான் குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் அந்தப் பறவை இருந்தது.

முதல் காலண்டரை அக்காவிடம் கொடுத்தோம். அவள் கடலையும் பார்க்கவில்லை, படகையும் பார்க்கவில்லை. விரல் நேரே மூலைக்குப் போனது. எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இம்புட்டுச் சின்னதாவா எழுதுவாங்க?" என்றாள். விரலை மூலையிலிருந்து எடுக்கவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்ல மரத்துல சட்டம் போட்டு மாட்டிடலாம்க்கா. செலவு என்னுது!" என்றேன்.

"வேணாம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அத்தான் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் காலண்டர் அக்காவின் தையல் மிஷினுக்கு நேரே, வெறும் ஆணியில்தான் தொங்குகிறது.