ஷோகேஸில் இருந்த பெரிய கார்டு

கிராபிக்ஸ் கார்டு விற்கிற கடையில் உண்மை பேசுகிறவனை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு நஷ்டம். கடையில் நின்று பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேலைக் கடையோ செருப்புக் கடையோ, நமக்கெல்லாம் ஒரே கால்வலி, ஒரே திட்டு.

நான் தருவைகுளத்துக்காரன். பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டேன். பிடிக்கவில்லை, அவ்வளவுதான். “அப்ப போட்டுக்கு வா” என்றார் அப்பா. மீன்பிடிப் படகில் கால் வைத்தாலே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். கேம் விளையாடுகிற பையன்களின் பழைய கம்ப்யூட்டருக்கு, படம் திணறாமல் ஓட, புது கார்டு மாட்டிக் கொடுப்பது என் வேலை. முதலாளியை அண்ணாச்சி என்போம். அவர் ஏதோ ஒரு வேகத்தில், இருக்கிறதிலேயே பெரிய கார்டு ஒன்றை வாங்கி ஷோகேஸில் வைத்துவிட்டார். அந்த விலைக்குப் புது பைக்கே எடுக்கலாம். மாதக்கணக்கில் ஒருவரும் வாங்கவில்லை. உப்புக் காற்றில் அட்டைப்பெட்டியின் ஓரம் நமுத்துப் போனது. ஒரு நாள் அண்ணாச்சி அதைக் காட்டிச் சொன்னார்: “ஏலே, திருவிழாவுக்குள்ள இது போகணும். இது இங்கன இருந்துச்சுன்னா நீ இங்கன இருக்க மாட்ட.”

ஒன்றரைச் சாண்

காயல்பட்டினத்திலிருந்து ஒரு காலேஜ் பையன் வாப்பாவோடு வந்தான். வாப்பா துபாயிலிருந்து லீவில் வந்தவர். மகன் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற மனநிலையில் இருந்தார். பையன் ஷோகேஸைப் பார்த்தான், பிறகு வேறெதையும் பார்க்கவில்லை. அண்ணாச்சி காபி சொல்லிவிட்டார்.

வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரின் போட்டோவை நான் கேட்டேன். கார்டு ஒன்றரைச் சாண் நீளம். அவன் கேபினெட்டுக்குள், அதாவது கம்ப்யூட்டர் பெட்டிக்குள், ஒரு சாண் இடம்கூடச் சரியாக இல்லை. “உள்ள போகாது” என்றேன். கேபினெட்டை மாற்ற வேண்டும், இந்தக் கார்டு குடிக்கிற கரண்டுக்குப் பெரிய பவர் சப்ளை வேண்டும், சூடு வெளியேற இன்னும் ஃபேன் வேண்டும். நான் சொல்லச் சொல்ல வாப்பாவின் முகத்தில் லீவு முடிந்துகொண்டே வந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு மகன் தோளைத் தொட்டார். “மவனே, நாம கார்டு வாங்க வந்தோமா, ஊடு கட்ட வந்தோமா?”

மானிட்டர்

அடுத்து வந்தவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஆபீஸில் மேனேஜர். மகன் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்துவிட்டானாம். “இருக்கதுலயே பெரிசு எது?” என்றார். அண்ணாச்சி என் முதுகில் கை வைத்தார். பேசாதே என்று அர்த்தம்.

மானிட்டர் என்ன மானிட்டர் என்று கேட்டுவிட்டேன். ஆபீஸில் கழித்துப் போட்ட பழசு. கார்டு எவ்வளவு வேகமாகப் படத்தை அனுப்பினாலும் அந்த மானிட்டர் தன்னால் முடிந்ததைத்தான் காட்டும். “பாதி விலைக் கார்டு போதும் சார், மிச்சத்துக்கு நல்ல மானிட்டர் எடுங்க” என்றேன். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவர் கார்டும் எடுக்கவில்லை, மானிட்டரும் எடுக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: “பெரிசு எதுன்னுதான கேட்டேன்? என் வீட்டுல என்ன இருக்குன்னா கேட்டேன்?”

பார்க்க வருகிறவர்கள்

அன்றைக்கு அண்ணாச்சி திட்டவில்லை. அவர் திட்டாத நாள்தான் மோசமான நாள்.

வாடிக்கையாக வந்தவர்கள் என்றால் சாயர்புரத்துப் பள்ளிக்கூடப் பையன்கள் மட்டும்தான். சனிக்கிழமை பஸ் ஏறி வருவார்கள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, எந்தக் கேம் எப்படி ஓடும் என்று ஒருவனுக்கொருவன் பொய் சொல்லுவான். மூக்குத் தடத்தை நான் துடைப்பேன். ஒரு சனிக்கிழமை, இந்தக் கார்டு விற்காவிட்டால் எனக்கு வேலை போய்விடும் என்று சொல்லியே விட்டேன். கொஞ்சமாவது வருத்தப்படுவார்கள் என்று பார்த்தால், அதில் சின்னவன் கவலையாகக் கேட்டான்: “அண்ணே, வித்துராதீய. பொறவு நாங்க எங்கன போயிப் பாப்போம்?”

கட்டுலே

திருவிழாக் கொடி ஏறிய வாரம் சூசை மாமா வந்தார். எங்கள் ஊர்க்காரர், சொந்தப் போட்டு வைத்திருப்பவர். கூடவே மகன் ஜெனிஸ்டன். என்னோடு படித்தவன், காலேஜில் இடம் கிடைத்தால் கேட்டதை வாங்கித் தருவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். கிடைத்துவிட்டது.

தெரிந்தவர் என்பதால் இன்னும் கூடுதலாகச் சொன்னேன். கேபினெட்டில் இடம் இருக்கிறது, ஆனால் பவர் சப்ளையை மாற்றியாக வேண்டும். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிவிடும். இதைவிடச் சின்னக் கார்டே அவனுக்குத் தாராளம். எல்லாவற்றுக்கும் மாமா தலையாட்டினார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். மாமாதான் கேட்டார்: “என்னலே, விக்க நிக்கியா, வெரட்ட நிக்கியா? போட்டு எஞ்சின் எடுக்கப்பக்கூட ஒருத்தன் இப்படிப் பயங்காட்டல. கட்டுலே.”

மந்திரிப்பு

நானே போய் மாட்டிக் கொடுத்தேன். வேலை தப்பியது என்று அம்மாவிடம் சொன்னேன். கடல் இனி தூரத்தில் தெரிகிற ஒரு பொருள் மட்டும் என்று நினைத்தேன்.

மறுவாரம் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குத் திரும்பி வந்தது. உயிர் இல்லை. திறந்தால் கார்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள். எங்கள் ஊரில் புது வீடு, புதுப் போட்டு எதுவானாலும் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிப்பது வழக்கம். போட்டு என்றால் எஞ்சின் பலகையைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, அதன் மேல் தீர்த்தம் தெளிக்க வேண்டும். மூடிக் கிடக்கிற எஞ்சினுக்கு ஆசீர்வாதம் எட்டாது என்பது சூசை மாமாவின் கட்சி. கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான். கண்ணாடிக் கதவைக் கழற்றி, லைட்டெல்லாம் எரிய ஓடவிட்டு, சாமியார் முன்னால் வைத்திருக்கிறார். மூடிவிட்டுத் தெளிக்கலாமே என்று சாமியாரே கேட்டாராம். மாமா விடவில்லை.

வெறும் தண்ணீர் என்றால் காயவைத்துப் பார்க்கலாம். தீர்த்தத்தில் மந்திரித்த உப்பு கலந்திருந்தது. “தண்ணி பட்டுருக்கு மாமா” என்றேன். அந்த நிலைமையிலும் அவர் என்னைத் திருத்தினார்: “தண்ணின்னு சொல்லாதலே. தீர்த்தம்.”

வாரண்டி

அண்ணாச்சி ஸ்பிரிட்டும் பழைய பிரஷ்ஷும் கொடுத்துப் புள்ளிகளைத் தேய்த்து எடுக்கச் சொன்னார். தேய்த்தேன். கார்டு கம்பெனியில் கேட்டால் தானாக நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும். சென்னை சர்வீஸ் ஆபீஸ்காரர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: ஈரம் ஏதாவது பட்டதா? ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஜெனிஸ்டன் பார்த்தான். எனக்குப் போட்டும் அலையும்தான் தெரிந்தது.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நான் நல்லவன் இல்லை. ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற இன்னொன்று யோசிக்க வேண்டும், அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. “தீர்த்தம் பட்டுச்சு சார்” என்றேன். சென்னைக்காரர் அதை ‘ஈரம்’ என்று எழுதிக்கொண்டார். பிறகு, வாரண்டியில் வராது என்றார். அண்ணாச்சி போனை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “உண்மை பேசணும்னா பூசைக்குப் போலே. நான் கடைல்லா நடத்துதேன்.”

ஆள் தேவை

வெளியே வந்தேன். ஜெனிஸ்டன் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூசை மாமா செத்த கார்டை அதன் நமுத்த அட்டைப்பெட்டியில் வைத்து, குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கியிருந்தார். திட்டட்டும் என்று நின்றேன். அவருக்குத் திட்டத் தோன்றவில்லை, அதுதான் எனக்கு வந்த கேடு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ நல்லது செய்கிறவர் போலச் சொன்னார்: “கார்டுதான் போச்சு, போவட்டும். நீயும் இனி சும்மாதான இருப்ப. திங்கக்கெழம போட்டுக்கு வந்துரு.”

அந்த வருசமும் சாமியார் வந்து அதே தீர்த்தத்தை, நான் ஏறிய மாமா போட்டில், ஓடுகிற எஞ்சின் மேல் தெளித்தார், எஞ்சின் ஒரு நாளும் நிற்கவில்லை, என் வாந்தியும் நிற்கவில்லை.