பதினேழாம் கம்பத்தின் மூத்தாள் பிள்ளை

பனாஸ் கிரிலோவிச் முப்பத்தோரு வருடமாக மின்சாரத்துக்கு மரக்கம்பம் நடுகிறவர். அந்த வேலையில் அவருக்குச் சலிப்பே வந்ததில்லை. சலிப்பெல்லாம் மனிதர்களிடத்தில்தான். சுத்தியலால் தட்டினால் நல்ல கம்பம் கணீரென்று பேசும். உளுத்தது தொண்டை கட்டியவன் மாதிரி முனகும். ஆபீஸை எங்கே தட்டினாலும் சத்தமே வராது.

ஆழக் கணக்கு அவருக்கு மனப்பாடம். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு அறுபது சென்டிமீட்டர். மோக்ரிவ்கா கிராமத்தின் சேற்று நிலத்தில் அது போதாது. இன்னும் முப்பது இறக்கி, குழிக்குள் குறுக்கே கட்டை கட்டி, கல் போட்டு இடிக்க வேண்டும். அப்படியும் ஒருநாள் உளுக்கும். அடியிலும் இல்லை, உச்சியிலும் இல்லை, மண்ணும் காற்றும் சந்திக்கிற கழுத்தில். அப்போது உளுத்த பாகத்தை அறுத்தெறிந்துவிட்டு, கான்கிரீட்டில் வார்த்த கால் ஒன்றை நட்டு, மிச்சக் கம்பத்தை அதோடு சேர்த்துக் கம்பியால் முறுக்குவார்கள். அந்தக் கான்கிரீட் காலுக்கு ஊரிலும் கிடங்குப் பேரேட்டிலும் ஒரே பெயர்தான்: மூத்தாள் பிள்ளை. தன்னைப் பெறாதவளைத் தாங்கி நிற்க வேண்டிய பிள்ளை என்று யாரோ ஒரு குறும்பன் வைத்த பெயராக இருக்க வேண்டும்.

தொண்ணூற்றாறாம் வருட வசந்தத்தில் பதினேழாம் கம்பம் விதவை பரஸ்காவின் மாட்டுக்கொட்டகைப் பக்கம் சாய ஆரம்பித்தது. பனாஸ் கம்பத்தின் கழுத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினார். பிடிவரை உள்ளே போயிற்று.

"அத்தை, மாட்டை வேற எங்கயாவது கட்டுங்க."

"எங்க கட்டட்டும்? உன் ஆபீஸ்லயா? அங்கதான் ஏற்கெனவே நெறைய கட்டியிருக்காங்களே."

உச்சியில் செங்கால் நாரைக் கூடு ஒன்று காலியாக இருந்தது. பத்து நாளில் நாரைகள் வந்துவிடும். வந்து முட்டையிட்டுவிட்டால் ஆகஸ்ட் வரை அந்தக் கம்பத்தில் கைவைக்க ஊரில் ஒருவனும் துணிய மாட்டான், பனாஸ் உட்பட. அதுவரை கம்பம் நிற்காது. விழுந்தால் கொட்டகை மேல்தான் விழும்.

'ஒரு மூத்தாள் பிள்ளை தேவை' என்று எழுதி நகரத்திலிருந்து புதிதாக வந்த இன்ஜினியரிடம் நீட்டினார். அவன் இளைஞன், பேனா மூடியைக் கழற்றாமலே படித்தான்.

"பனாஸ் கிரிலோவிச், இது அரசாங்கப் படிவம், குடும்பச் சண்டை இல்ல. 'வலுவூட்டிய கான்கிரீட் துணையுறுப்பு'ன்னு எழுதுங்க."

எழுதினார். கையெழுத்தாயிற்று. கிடங்குக்காரி ஸெனோவியா லுக்கிவ்னா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"துணையுறுப்பா? அப்படி ஒண்ணும் நம்மகிட்ட இல்லையே."

"உங்க முதுகுக்குப் பின்னாடி பதினாலு கெடக்கு."

"அது மூத்தாள் பிள்ளை. பேரேட்டப் பாருங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு பேரு? நாளைக்கு ஆடிட்காரன் கேட்டா நீங்களா வந்து நிப்பீங்க? மூத்தாள் பிள்ளைன்னு போட்டு, முத்திரை குத்தி, ஒரு காகிதம் கொண்டாங்க. எந்த முத்திரையானாலும் சரி."

இன்ஜினியர் அந்தச் சொல்லுக்கு முத்திரை குத்த மாட்டான். அது இல்லாமல் ஸெனோவியா பூட்டைத் திறக்க மாட்டாள். ஆறு நாளில் பனாஸ் ஏழு முறை நடந்தார். எட்டாவது நடைக்கு முன் பரஸ்கா வழிமறித்து ஒரு காகிதத்தை நீட்டினாள். கிராம மன்றத்தில் அவளே போய், 'என் வீட்டுக்கு உடனே ஒரு மூத்தாள் பிள்ளை வேண்டும்' என்று மனுக் கொடுத்திருக்கிறாள். குமாஸ்தா கண் கலங்கி, மூத்தாள் பிள்ளைக்கு வளர்ப்புப் பொறுப்புச் சான்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான்.

"நாப்பது வருஷம் அந்த மனுஷனோட குடும்பம் நடத்துனேன். அவருக்கு இன்னொரு பொண்டாட்டி புள்ளை இருந்துச்சுன்னு மன்றத்துல சொல்லித்தான் எனக்கே தெரியுது."

ஸெனோவியா சொல்லைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், பூட்டைத் திறந்தாள்.

இரண்டு நாள் வேலை. கம்பத்துக்கு முட்டுக் கொடுத்து, கழுத்தை அறுத்து, நாலேகால் மீட்டர்க் கான்கிரீட் காலை இரண்டு மீட்டர் சேற்றில் இறக்கி, இரண்டு இடத்தில் கம்பி முறுக்கினார்கள். மூன்றாம் நாள் நாரைகள் வந்தன. பனாஸ் முதல்முறையாக உட்கார்ந்து டீ குடித்தார்.

டீ ஆறுவதற்குள் மாவட்டத்திலிருந்து குழந்தைகள் நல அதிகாரி வந்து இறங்கினாள், கையில் அதே சான்றின் நகலோடு.

"பையன் எங்க?"

"அதோ நிக்குது," என்றாள் பரஸ்கா.

விஷயம் விளங்க அதிகாரிக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

"அப்ப சான்ற ரத்து பண்ணிடறேன்."

"ரத்து பண்ணா கிடங்குக்காரி கான்கிரீட் காலத் திருப்பிக் கேப்பா அம்மா," என்றார் பனாஸ். "நான் பிடுங்கணும். கம்பம் மாட்டு மேல விழும்."

அதிகாரி கம்பத்தைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். அவளுக்கும் மேலே ஓர் ஆபீஸ் இருந்தது. பெருமூச்சோடு படிவத்தைப் பிரித்தாள்.

"உயரம்?"

"நாலேகால் மீட்டர். வெளிய தெரியறது ரெண்டேகால்."

"வயசுக்கு மீறின வளர்த்தி," என்று எழுதினாள். "படிப்பு?"

"இல்ல. நேரா வேலைக்கு வந்துட்டான்."

"எங்க?"

"மின்சாரத்துல."

"நடத்தை?"

"நின்ன எடத்த விட்டு அசைய மாட்டான்."

சாட்சியாக பனாஸ் மூன்று பிரதியிலும் கையெழுத்திட்டார். நான்காவது பிரதிக்குக் கார்பன் தாள் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, முதலிலிருந்து முழுவதையும் அவரையே கையால் எழுதச் சொன்னாள் அதிகாரி.