புரோக்கருக்கு வந்த சிவப்புப் பூ

என் பங்கு புரோக்கரை மூன்று வருடமாக நான் நேரில் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் தெரியும். அது தேன் மாதிரி இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம். நான் வாங்கினாலும் அவருக்குக் கமிஷன், விற்றாலும் கமிஷன். நான் குப்புற விழுந்தால்கூட அந்த ஆளுக்கு ஏதாவது கிடைக்கும் என்று மனைவியிடம் சொல்வேன்.

ஆகவே அவர் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்வது என்று வைத்திருந்தேன். டாக்டர்கள் போடும் கையுறை செய்கிற கம்பெனியின் பங்கை வாங்கச் சொன்னார், வாங்கவில்லை. நோய்க்காலம் வந்து அது கிடுகிடுவென ஏறிய பிறகு, சேமநிதியில் எடுத்த பணத்தைப் போட்டு வாங்கினேன். இன்னும் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பணம் கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டில் புதுச் சமையலறை கட்ட வைத்திருந்தது. கரையான் அரித்த அலமாரியில்தான் இருபது வருடமாக மனைவி மிளகாய்த்தூள் டப்பாவை வைத்து எடுக்கிறாள்.

ஒருநாள் ஃபோன் வந்தது. "அங்கிள், ஏறுனது போதும் லா. வித்துருங்க."

விற்கச் சொல்கிறாரா? அப்படியானால் விற்கக் கூடாது. ஆனால் அந்த அலமாரி கண் முன்னால் வந்து நின்றது. மறுநாள் காலை கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ இன்னொன்றில். அம்மன் காலடியில் வைத்துக் குருக்களை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தால் விற்பது, சிவப்பு வந்தால் வைத்திருப்பது.

வெள்ளை வந்தது. அம்மனும் அந்த ஆள் பக்கமா? எனக்குக் கோபமே வந்துவிட்டது. "சாமி, இன்னொரு தடவ எடுங்க" என்றேன். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தடவை குருக்கள் முறைத்துக்கொண்டே எடுத்தார். சிவப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விற்க மாட்டேன் என்று அடித்துச் சொல்ல, வெளியே தூணருகே நின்று புரோக்கருக்கு ஃபோன் போட்டேன். அடுத்த தூணருகே ஒரு ஃபோன் அடித்தது. முகக்கவசம் போட்ட ஓர் ஆள் எடுத்து, "சொல்லுங்க அங்கிள்" என்றார். தேன் குரல் இரண்டு காதிலும் கேட்டது.

அவர் கையில் பிரித்த பொட்டலம். உள்ளே சிவப்புப் பூ.

"கையுறைப் பங்குக்கா?" என்றேன்.

"ஆமா அங்கிள். எங்கிட்டயும் இருக்கு. மொத ரெண்டு தடவ வெள்ளதான் வந்துச்சு."

"என்னய விக்கச் சொல்லிட்டு நீங்க மட்டும் வெச்சுக்கப் பாக்குறீங்களா?" கோயில் என்றும் பாராமல் கத்தினேன்.

அவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். நான் நினைத்து வைத்திருந்த நரி முகம் இல்லை. தூங்காத முகம். "ஒங்களுக்கு சொன்னது படிச்சுப் பாத்து சொன்னது அங்கிள். எனக்குன்னு வந்தா ஆச விட மாட்டேங்குது லா."

மூன்று வருடத்தில் அவர் சொன்னதில் நான் முதலில் நம்பியது அதைத்தான். என் கையிலிருந்த சிவப்புப் பூவைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "என்னோடத எல்லாம் வித்துருங்க" என்றேன். மார்க்கெட் திறந்ததும் அங்கேயே நின்று விற்றுக் கொடுத்தார். அவருடையதைத் தொடவில்லை.

சமையலறை வந்துவிட்டது. மனைவி அலமாரிக் கதவைக் காரணமே இல்லாமல் திறந்து மூடுகிறாள். கையுறைப் பங்கு தரை தட்டிவிட்டது. புரோக்கர் இப்போதும் கூப்பிடுகிறார், சொன்னபடி செய்கிறேன். ஃபோனை வைக்கும் முன், "ஒங்களோடத வித்தாச்சா?" என்று கேட்பேன்.

"இன்னும் இல்ல அங்கிள்" என்பார். எனக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்குக் கிடைத்த மாதிரி ஒரு புரோக்கர் அவருக்குக் கிடைக்கவில்லை.