தீக்குச்சி பத்தாத ஊர்

எங்கள் அண்ணாவி வில்லுக்கு முன்னால் உட்காரும்போது மடியில் ஒரு தீப்பெட்டி வைத்திருப்பார். சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி ஒரு அதிசயமா என்று கேட்பீர்கள். இது ஈரப் பெட்டி. மேடையேறுவதற்கு முன் தண்ணீரில் முக்கி எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வார். கதையில் நிலவுக்குப் போன வியாபாரி அங்கே கடை விரித்து முதல் குச்சியை உரசும் இடம் வந்ததும், பெட்டியை எடுத்து இவரும் உரசுவார். பற்றாது. இன்னொரு குச்சி. அதுவும் பற்றாது. "காத்தே இல்லாத ஊருல தீக்குச்சி எங்கய்யா பத்தும்? இது தெரியாம லோடு லோடாக் கொண்டாந்து எறக்கிட்டானே பாவி" என்று இழுப்பார். நான் "ஆமா" என்பேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். தீப்பெட்டியால் சோறு தின்கிற ஜனத்துக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது.

வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவரை எங்கள் பக்கம் அண்ணாவி என்போம். நான் அவர் குழுவில் குடம் அடித்தவன். அவர் ஒரு வரி சொன்னால் 'ஆமா' என்று ஏற்றுச் சொல்வதும் என் வேலைதான். அதனால் ஊரில் எனக்கு ஆமாஞ்சாமி என்றே பெயர் விழுந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அப்படித்தான் சொல்லி அறிமுகம் செய்தார்கள். பகலில் நாங்கள் இருவரும் ஒரே அச்சாபீஸில் வேலை பார்த்தோம். அவர் ஈய எழுத்துகளைப் பொறுக்கி அச்சுக் கோர்ப்பவர், நான் மிஷின் ஓட்டுபவன். தீபாவளிச் சீசனில் வெடிக்கட்டு லேபிள் ஆர்டர் வந்து குவியும்போதுகூட மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் கதை எழுதுவார். கடலுக்கடியில் ஓடும் ரயில், தானாக உழும் கலப்பை, நிலவுக்குக் குடிபோகிற ஜனம் என்று எல்லாம் நாளைக்கு நடக்கப்போகிறவை. பட்டணத்து வார இதழ்களில் அவை வெளிவந்தன. எங்கள் ஊரில் அவற்றைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். படிக்காவிட்டால் காதாலாவது கேட்கட்டும் என்று அதே கதைகளை வில்லில் கட்டிப் பாட ஆரம்பித்தார். மல்லாங்கிணறு ஊர்த் திருவிழாவில் முதன்முதலாக நிலவுக் கதையைப் பாடியபோது, "சாமி கதை ஒண்ணும் கெடையாதா?" என்று பாதிக் கூட்டம் எழுந்து போனது. மறுவருஷம் அவர்களே வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டார்கள்.

வில்லுப்பாட்டு என்றாலே பெரும்பாலும் அகாலத்தில் செத்தவர்களின் கதைதான். கொலையுண்டவர்களையும் தீப்பாய்ந்தவர்களையும் பாடிப் பாடித் தெய்வமாக்கிவிடுவார்கள். அண்ணாவிக்கு அது பிடிக்காது. "செத்தவுகளப் பாட ஊருக்கு நாலு பேரு இருக்காக. இனிமே பொறக்கப் போறவுகளப் பாட நான் ஒருத்தன்தாம்லே இருக்கேன்" என்பார். அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. கதை பொய்யாக இருக்கலாம், அதற்குள் வருகிற விஞ்ஞானம் பொய்யாக இருக்கக் கூடாது. நிலவில் வியாபாரி தண்ணீர் குடித்தான் என்று நான் ஒருமுறை வாய் தவறிச் சொன்னதற்கு வீடு வந்து சேரும்வரை திட்டினார். அந்த மனிதரோடு குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

திருத்தங்கல் பக்கத்து ஊர் ஒன்றில் பங்குனிப் பொங்கலுக்கு எங்களைப் பேசியிருந்தார்கள். முந்தின தீபாவளிச் சீசனில் அந்த ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி, வெடி சுற்றும் கொட்டகையில் தீப்பிடித்து இறந்துபோயிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். பந்தலுக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீரில் அண்ணாவி தீப்பெட்டியை முக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா வந்து நின்றாள். எங்கள் நிலவுக் கதையை முன்பே எங்கோ கேட்டிருக்கிறாள்.

"அண்ணாச்சி, அங்கன தீக்குச்சி பத்தாதுன்னு பாடுறீகளே, அது கதைக்குச் சொல்றதா, நெசமா?"

"நெசந்தான் தாயி. காத்து இல்லாத எடத்துல தீக்குச்சி நின்னு எரியாது."

"அப்ப எம்மகள அங்கன சேத்துவிட்ருங்க. ஒங்க கதையில போற சனத்தோட அவளும் போகட்டும். சாமியாக்க வேணாம். தீயில்லாத எடத்துல இருந்தாப் போதும்."

அண்ணாவி வாளிக்குள் விட்ட கையை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார்.

அன்றைக்குக் கதையில் வியாபாரி குச்சி உரசும் இடம் வந்தது. அண்ணாவி மடியில் கை வைக்கவில்லை. சிரிக்கத் தயாராக இருந்த கூட்டத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "குச்சி பத்தலையேன்னு வியாபாரி தலையில கைய வச்சுட்டான். பக்கத்துல யாரோ சிரிக்கிற சத்தம். திரும்பிப் பாத்தா, நம்ம ஊருப் புள்ள." அவள் பெயரைச் சொன்னார். "பாவாடையில ஒரு பொட்டுக் கரி இல்ல. கையில ஒரு கொப்புளம் இல்ல." அங்கே நான் ஆமா சொல்ல வேண்டும். எனக்கு அது வரவில்லை. ஆமா விழாவிட்டால் அடுத்த வரிக்குப் போக முடியாது. அவர் என்னைப் பார்க்கிறார், நான் குடத்தைப் பார்க்கிறேன். அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து அந்த அம்மா "ஆமா" என்றாள். அவளைத் தொடர்ந்து ஊரே சொன்னது. நான் குடத்தின்மேல் கவிழ்ந்து அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை.

மறுநாள் அச்சாபீஸில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "காத்து இல்லாத எடத்துல சிரிப்புச் சத்தம் எப்படிலே கேட்டுச்சு?"

அதன்பிறகு தீயில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் அவரைத் தேடி வந்தார்கள். யாரையும் அவரால் மறுக்க முடியவில்லை. வியாபாரியின் வேடிக்கை குறைந்துகொண்டே போனது, நிலவில் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். மாறிப்போன அந்தக் கதையை எழுதிப் பட்டணத்துக்கு அனுப்பினார். விஞ்ஞானக் கதை எழுதுகிறவர் ஆவிக் கதைக்கு இறங்கிவிட்டாரே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் ஒடிந்துபோனார். விஞ்ஞானக் கதைக்காரர் என்பது எத்தனையோ வருஷமாக அவர் தேடிய பெயர். அதோடு எழுத்தை நிறுத்திவிட்டுப் பாட்டோடு நின்றுகொண்டார். நல்ல எழுத்தாளன் ஒருத்தன் வீணாய்ப் போனான் என்று இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் பேசுவதுண்டு. அதற்கு மட்டும் நான் ஆமா போட்டதில்லை.

மனிதன் நிலவில் கால் வைத்த செய்தி வந்த அன்று அண்ணாவி சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். செய்தித்தாளை டீக்கடையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். இறங்குகிற கலத்தின் அடியில் எரிந்த தீயில் நிலவின் புழுதி பறந்த கதையைத் தானே எழுதியதுபோல இரண்டு தடவை படித்தார். சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தால், வாசலில் அந்தத் திருத்தங்கல் பக்கத்து அம்மா நிற்கிறாள். பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"நெலாவுக்கு ஆளு போயிருக்காகளாமே, அண்ணாச்சி. ராக்கெட்லயா போனாக?"

"ராக்கெட்லதான் தாயி."

"ராக்கெட்டுன்னா அடியில தீதான இருக்கும்? அதோடயா எறங்குனாக?"

நான் அண்ணாவியைப் பார்த்தேன். காலையில் படித்த தாள் இன்னும் அவர் கக்கத்தில் இருந்தது. விரலில் ஒட்டியிருந்த மையை வேட்டியில் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தார்.

"இல்ல தாயி. மேலயே அணைச்சிட்டுத்தான் எறங்குனாக."

"நல்லா அணைச்சாகளா?"

"தண்ணி ஊத்தி அணைச்சாக தாயி. பொகைகூட இல்ல."

"அப்பச் சரி" என்றாள்.