எஸ்தர் அக்காவும் இரண்டு பிளேடுகளும்

எஸ்தர் அக்கா செத்துப்போன செய்தியை எனக்குச் சொன்னது, முன்னால் எங்களோடு வேலை பார்த்த பாத்திமாதான். குற்றாலத்து ரிசார்ட்டில் நான் லானில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. இடுப்பில் அதிர்ந்த பிறகுதான் எடுத்தேன்.

"ஏ மாரி, தேளு போயிட்டாளாம்லா? விடியக்காலம்தான் அடங்குச்சாம்" என்றாள். அவளே மேலே பேசினாள். "கமிஷன் வாங்குன காசையெல்லாம் யாருக்கு வச்சிட்டுப் போறாளாம்? போனா கேட்டுச் சொல்லு."

போனை வைத்துவிட்டு, காண்டிராக்டரின் ஆளிடம் போய்ச் சொன்னேன். "பாதி லான் கிடக்குல்லா, முடிச்சிட்டுப் போங்க" என்றார். முடித்துவிட்டுத்தான் போனேன். பாதியில் விட்டு வந்தேன் என்று தெரிந்தால், கிடத்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து வைதிருப்பாள் அக்கா.

அக்காவின் தம்பிக்குப் பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கடை. நினைவு ஜெபத்துக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடுவதாகவும், கூட வேலை பார்த்தவள் என்பதால் நானும் எழுத வேண்டும் என்றும் அவர் கேட்டார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். இதைப் படிக்கப்போகிற உங்களில் அவளிடம் வசவு வாங்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். அவள் தங்கமானவள், இளகிய மனசுக்காரி என்று எழுதினால் சிரிப்பீர்கள். அவள் கல்நெஞ்சக்காரிதான். ஆனால் பிளேடு வாங்குவதில் கமிஷன் அடித்தாள், அதனால்தான் வேலை போனது என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, அது பொய். அன்றைக்கு லானில் நின்றவள் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, என் வீட்டுக்காரர் வேறொருத்தியோடு செங்கோட்டைப் பக்கம் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முதல் நாள் களை எடுக்க உட்காரவைத்தார்கள். கோரையோடு சேர்த்து நல்ல புல்லையும் பிடுங்கிவிட்டேன். லான் வேலைக்குப் பொறுப்பாக இருந்த அக்கா பின்னால் வந்து நின்று பார்த்திருக்கிறாள். "ஏட்டி, புல்லு எது, களை எதுன்னு பாக்கத் தெரியல. புருசனை மட்டும் எப்படிட்டி பாத்துப் பிடிச்சிருப்பே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பாத்திமாவும்தான். குழாயடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். பிடுங்கிய புல்லை மறுபடி நட்டுத் தண்ணீர் விடச் சொன்னாள். அழுத முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை.

பாத்திமா, உன் கதையையும் எழுதுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்க முழித்துவிட்டு வேலைக்கு வந்தாய். மத்தியானம் வாதாம் மரத்தடியில் கண்ணயர்ந்துவிட்டாய். அப்போது இருந்த பழைய மேனேஜர் பார்த்துவிட்டார். இரக்கமுள்ள மனுஷன். அக்காவைக் கூப்பிட்டு, "சாப்பாட்டு நேரத்துலதானே படுத்திருந்தாங்க?" என்று தப்பிக்க வழியையும் அவரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அக்கா, "சாப்பாட்டு நேரம் முடிஞ்சிட்டு சார். தூங்கத்தான் செஞ்சா" என்றாள். அதற்குப் பிறகு அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. உனக்கு வேலை போனது. வெளியே போகும்போது நீ கேட்டாய்: "பாவி, ஒரு பொய் சொன்னா உன் நாக்கு அழுகியா போயிரும்?" அக்கா, "தெரியாது. சொல்லிப் பாத்ததில்ல" என்றுவிட்டு மெஷினைக் கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்துதான் அவளுக்குத் தேள் என்று பெயர். வைத்தது நீ. நாங்கள் எல்லாரும் கூப்பிட்டோம்.

இனி அந்தப் பிளேடு விஷயம். புல் வெட்டுகிற மெஷினுக்கு அடியில் விசிறிபோலச் சுற்றுகிற இரும்புப் பட்டை ஒன்று இருக்கும். அதுதான் பிளேடு. மெஷின் செய்கிற கம்பெனியே விற்பது கம்பெனி பிளேடு. அதே அளவுக்கு வேறு யாரோ செய்து, பாதி விலைக்குக் கடையில் கிடைப்பது வெளி பிளேடு. அக்கா வெளி பிளேடைத் தொட மாட்டாள். "தகரத்துக்குச் சாணை பிடிச்சு விக்குதான். அதை வச்சுப் புல்லை வெட்ட முடியாது, மிரட்டத்தான் முடியும்" என்பாள். இத்தனை வருஷமும் அவள் சொல்லித்தான் ரிசார்ட்டில் கம்பெனி பிளேடு வாங்கினார்கள்.

போன சீசனுக்கு முன்னால் புது மேனேஜர் வந்தார். தென்காசியில் ஒரு காண்டிராக்டர் வெளி பிளேடு போட்டுக் குறைந்த காசுக்கு வெட்டித் தருகிறாராம், லானை அவருக்கே விட்டுவிடலாம் என்றார். அக்கா எதிர்த்து நின்றாள். "அப்படியானா பார்த்திடுவோம்" என்றார் மேனேஜர். பாதி லானைக் கம்பெனி பிளேடு போட்டு அக்கா வெட்ட வேண்டும். மறுபாதியை வெளி பிளேடு போட்டு நான் வெட்ட வேண்டும். இரண்டையும் அக்காவே வெட்டினால் வேண்டுமென்றே ஒரு பக்கத்தைக் கெடுத்துவிடுவாள் என்பது அவர் நினைப்பு. கம்பெனி பிளேடு ஜெயித்தால் லான் அக்காவிடம் இருக்கும். தோற்றால் அவளுக்கு வேலை இல்லை. இதை எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துத்தான் சொன்னார்.

வெளி பிளேடு வந்து இறங்கியது. அக்கா சுவரில் இருந்த ஓர் ஆணியில் அதன் நடு ஓட்டையை மாட்டித் தொங்கவிட்டாள். ஒரு பக்கம் தாழ்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே கனமாக இல்லாவிட்டால் மெஷின் கிடந்து நடுங்கும், வெட்டு ஏறி இறங்கி வரும். அக்கா அரத்தை எடுத்தாள். கனத்த பக்கத்தை ராவி, மாட்டிப் பார்த்து, மறுபடி ராவினாள். கூர் மழுங்கலாக இருந்த இடத்தையும் தீட்டினாள். "அக்கா, இது உன் சோத்துல மண்ணைப் போடவந்த பிளேடு. நடுங்குனா நடுங்கட்டும், விடுக்கா" என்றேன்.

"நொண்டி மாட்டை என்கூட ஓடவிட்டு ஜெயிக்கச் சொல்லுதியா என்னைய? போயி பெட்ரோல் ஊத்துட்டி."

சாரல் காலம். நாலு நாளாக விருந்தாளிகள் மிதித்து, புல் நனைந்து படுத்துக் கிடந்தது. சாரல் கொஞ்சம் வெறித்த நேரம் பார்த்து அவள் பாதியை அவள் வெட்டினாள். பிளேடை மாற்றி என் பாதியை நான் வெட்டினேன். அன்றைக்கே பார்த்தால் தெரியாது. பிளேடு சரியாக வெட்டியிருந்தால் மறுநாளும் புல்லின் நுனி பச்சையாக இருக்கும். பிய்த்திருந்தால் நுனி வெளுத்துவிடும்.

மறுநாள் காலையில் மேனேஜர் காபித் தம்ளரோடு வந்து லான் நடுவில் நின்றார். அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. எஸ்தர், நீங்களே சொல்லுங்க. எது நல்லாயிருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. அக்கா குனிந்தாள். சேலை ஓரம் நனைய, முழங்காலில் ஊன்றி, நுனியைத் தடவித் தடவிப் பார்த்தாள். எழுந்து என் பக்கம் வந்து அதே மாதிரிப் பார்த்தாள். திரும்பவும் தன் பக்கம் போனாள். நான் அவள் பின்னால் போய் முழங்கையைக் கிள்ளினேன். தட்டிவிட்டாள்.

"வெட்டு வெளி பிளேடுதான் சார் சுத்தமா இருக்கு. கம்பெனி பிளேடு படுத்துக் கெடந்த புல்லை விட்டுட்டுப் போயிருக்கு, அங்கன பாருங்க, மீசை மாதிரி நிக்குதுல்லா? வெளி பிளேடுக்குப் பின்னோரத்து வாலு கொஞ்சம் கூடுதலா மேல வளைஞ்சிருக்கு. அது புல்லைத் தூக்கிப் பிடிச்சு வெட்டுது. கூரு எம்புட்டு நாளைக்கு நிக்கும்னு எனக்குத் தெரியாது. ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

பாதியைத்தான் அவர் காதில் வாங்கினார். "அப்போ இவ்வளவு வருஷமா ரெட்டை விலைக்குக் கம்பெனி பிளேடு வாங்க வெச்சது எதுக்கு? கடைக்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான்?"

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. யாரையும் ஒரு சொல்லில் உரித்துப் போடுகிற வாய் அது. அன்றைக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணும் குடுக்கல சார். நேத்து வரைக்கும் தெரியாது. தப்பாத்தான் நினைச்சிட்டு இருந்திருக்கேன்."

அதை யாரும் நம்பவில்லை. தெரியாமல் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? மேனேஜர் சிரித்தார். கமிஷன் என்கிற பேச்சு அன்று மத்தியானமே கேட்டைத் தாண்டிவிட்டது. கமிஷன் வாங்கியவள் என்ன செய்திருப்பாள், யோசித்துப் பாருங்கள். கம்பெனி பிளேடுதான் நன்றாக வெட்டியது என்று சொல்லியிருப்பாள். கேட்டவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. வேலையும் நின்றிருக்கும், கமிஷனும் வந்துகொண்டிருக்கும். உன்னைத் தூங்கினாள் என்று சொன்ன அதே வாய்தான் பாத்திமா, தன் பிளேடு தோற்றது என்றும் சொன்னது.

நான் அழுதுகொண்டு அவளைக் கேட் வரை விடப் போனேன். "எதுக்குட்டி ஒப்பாரி? சாதாரணமாவே உன் மூஞ்சியப் பாக்க முடியாது. மெஷின் அடியில ஈரப் புல்லு அப்பிக் கெடக்கு, போய்ச் சுரண்டு" என்றாள். மினி பஸ் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாள்.

எங்களைக் காண்டிராக்டர் குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டார். சீக்கிரமே வெளி பிளேடின் கூர் போய்விட்டது. தீட்டிப் போடவும் ஆளில்லை. லான் முழுக்க நுனி வெளுத்துக் கிடந்தது. அப்போது அக்கா மேலகரத்து வாடகை வீட்டில், வயிற்றில் கட்டி என்று படுத்துவிட்டாள். நான் சந்தோஷமாக ஓடிப்போய்ச் சொன்னேன். "அக்கா, நீ சொன்ன மாதிரியே ஆயிட்டு. வெளி பிளேடுல கூரு நிக்கவே மாட்டேங்கு."

"நான் எங்கட்டி நிக்காதுன்னு சொன்னேன்? தெரியாதுன்னுல்லா சொன்னேன்" என்றாள். அந்தச் சின்ன ஜெயத்தைக்கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

மேனேஜர் வந்து பார்க்கவில்லை. வேலை பார்த்தவர்களில் வேறு யாரும் போகவில்லை. வேலை முடிந்து போகும்போது நான்தான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். உப்பு கூடிப்போச்சு, உப்பு கம்மி என்று அதற்கும் வசவு வாங்குவேன். கடைசியாகப் போனபோது அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. வெகு நாளாக எனக்குள் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு என் பக்கம் நல்லாருந்துச்சே. அது பிளேடாலயா, இல்ல என் கையாலயா?"

கை என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. இனி அவளுக்கு நேரமும் இல்லை. சும்மாவேனும் சொல்லியிருக்கலாம்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். யோசித்தாள். "பிளேடுதான்ட்டி" என்றாள். "உன் கையில என்ன இருக்கு? அதையே நான் வெட்டியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும். கஞ்சி ஆறுது, குடு."

ஊட்டிவிட்டேன். வாயைத் துடைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

அந்தப் பதில் எனக்கு இன்னும் வலிக்கிறது. சாகக் கிடக்கும்போது, பக்கத்தில் இருந்த ஒரே ஆளுக்கு ஒரு பொய்யைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பதில் ஒன்றுதான். கமிஷன் என்று யார் வாயைத் திறந்தாலும் அதைத்தான் சாட்சியாகச் சொல்லிக் காட்டுவேன். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து நீங்கள் சிரித்தாலும் சரி.